வேனுக்கு வைத்த கூரைத் தகரம்

1

நம் ஊரிலிருந்து எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் ‘கண்டிச் சீமையில் அனைவரும் சுகம்தானே’ என்றுதான் தொடங்குகின்றன. சுகம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு, அடுத்த வரியில் கம்பளி கேட்கிறீர்கள், அதற்கடுத்த வரியில் நல்ல தேயிலை ரெண்டு ராத்தல் கேட்கிறீர்கள். இருபது வருஷமாக நானும் ‘சுகம்’ என்றே பதில் எழுதி வந்தேன். இந்தப் பத்திரிகைக்காரர், அங்குள்ள வாழ்க்கையைப் பற்றிச் சுவையாக ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். சுவைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. என்னிடம் இப்போது கோபம்தான் இருக்கிறது. அதை அனுப்புகிறேன்.

நேற்று காலையில் என் வேனுக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். போன வருஷம் நானே என் கையால் அடித்தளத்துக்கு வைத்த ஒட்டு, ஓரம் முழுக்கத் துரு விட்டிருந்தது. நகத்தால் கீறினால் பொடிப் பொடியாகக் கண்ணில் விழுகிறது. ஒட்டு வைத்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த ஒட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரைத் தூக்கி வீசினேன். அது பக்கத்து வீட்டுச் சிங்களக்காரரின் கோவா, அதாவது முட்டைக்கோசுப் பாத்தியில் போய் விழுந்தது. மன்னிப்புக் கேட்கப் போனால் அவர் சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்து அனுப்பினார். ஒழுங்காகக் கோபப்படக்கூட விடாத ஊர் இது.

நான் ஹட்டனில் இருக்கிறேன். கடைவீதியிலிருந்து இறங்குகிற பாதையில் ஒரு வாடகை வீடு, அதன் பின்னால் தகரக் கொட்டகை. அதில்தான் என் பட்டறை. இங்கே கைவேலைக்காரனைப் ‘பாஸ்’ என்பார்கள். என்னை எல்லாரும் வெல்டிங் பாஸ் என்பார்கள். தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து கற்றுக்கொண்ட வேலை. ஒரு இரும்புப் பீப்பாயை வெட்டி, கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டவைத்து வாயு எடுக்கிற கலத்தை நானே செய்தேன். ஆக்ஸிஜன் சிலிண்டர் மட்டும் கொழும்பிலிருந்து ரயிலில் வர வேண்டும். கார்பைட் நாற்றம் பிடிக்கவில்லை என்று என் மகள் தனம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பின்பக்கம் வருவாள்.

வேன், உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்டது. மேல் தோட்டங்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது, கல்யாணத்துக்கு ஆளேற்றுவது, மஸ்கெலியாக் கோயில் திருவிழாவுக்கு மேளக்காரரை இறக்குவது எல்லாம் அந்த வேன்தான். சவாரி இல்லாத நாளில் பட்டிப்பொலப் பக்கம் காய்கறித் தோட்டங்களுக்கு உர மூட்டை ஏற்றுவேன். அந்த உரம்தான் அதைத் தின்றது. மூட்டையிலிருந்து சிந்துகிற உப்பு மழை ஈரத்தில் கரைந்து தகட்டுக்குள் இறங்கிவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது.

2

போன வருஷம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பிரஜாவுரிமைக்கு நான் மனுப் போட்டு ஐந்து வருஷம் கழித்து, விசாரணைக்கு வா என்று நுவரெலியாவிலிருந்து கடுதாசி வந்தது. பிரஜாவுரிமை என்றால் உங்களுக்குப் புரியாது. நீங்கள் பிறந்தீர்கள், அந்த நாட்டுக்காரர் ஆகிவிட்டீர்கள். எங்களுக்கு அப்படி இல்லை. இந்த நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் தாங்கள் இங்கேயே நிலையாக இருப்பவர்கள் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கிடைக்கவில்லை என்றால் ஓட்டு இல்லை. வாடகை வேன் ஓட்ட லைசன்ஸ் நாளைக்குக் கிடைக்குமா தெரியாது. பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடையாது. ஒரு நாள் கப்பலேற்றினாலும் கேட்க நாதி கிடையாது. என் மூன்று பிள்ளைகளின் கதியும் அப்பன் நான் வாங்குகிற அந்த ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது.

நிரூபிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, நான் இத்தனை வருஷம் இங்கேயே இருந்தேன் என்பது. இரண்டு, பெண்சாதி பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரே மூச்சாக நாட்டை விட்டுப் போகவில்லை என்பது. மூன்று, நிலையான பிழைப்பு இருக்கிறது என்பது. தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்குத் துரை ஒரு கடிதம் கொடுப்பார். எனக்குத் துரை இல்லை. என் பிழைப்புக்கு அத்தாட்சி அந்த வேன்தான். ஆகவே வேனுக்கு அந்த வருஷத்துத் தகுதிப் பத்திரம் வேண்டும்.

பரிசோதிக்கிற ஐயா சிங்களவர், கறாரான ஆள், கெட்டவர் இல்லை. ஹட்டன் ஸ்டேஷன் பக்கத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, உள்ளே ஏறி, பின்சீட்டுக்குக் கீழே ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரல் அடுத்த பக்கம் போய்விட்டது. கையை உருவிக்கொண்டு, ‘பாஸ், மலகட’ என்றார். துரு என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், நாளைக்கே சரி செய்கிறேன் என்று சொல்ல நினைத்து, நேற்றே சரி செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூட நின்ற தனம் தலையில் அடித்துக்கொண்டு, அவரிடம் மளமளவென்று சிங்களத்தில் பேசி நாலு நாள் தவணை வாங்கினாள். பன்னிரண்டு வயசு. வீட்டில் தம்பிகளோடும் அவளுக்கு அந்தப் பேச்சுத்தான். நம் ஊரைச் சொல்லும்போது ‘உங்க ஊரு’ என்பாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சுத்தான் என்னைக் காப்பாற்றியது.

நாலாம் நாள் பிற்பகல் மறுபரிசோதனை. ஐந்தாம் நாள் காலையில் நுவரெலியாவில் விசாரணை.

3

இங்கே என் மனைவி வள்ளியம்மையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளும் முசிறிப் பக்கம்தான். இதைப் படிக்கிற சிலருக்கு அவள் குடும்பத்தையும் தெரியும்.

ஒன்பது வயசில் தாயைப் பறிகொடுத்தவள். அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். சண்டைக்கு முந்தின வருஷம் எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள், உடனே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்து வருஷம் பிள்ளை இல்லை. பிறகு தனம் வயிற்றில் தங்கினாள். அப்போது நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இருந்தேன். ஏழாம் மாதம் நெருங்கும்போது வள்ளி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். தபால்காரன் வந்தால் முதல் ஆளாக நிற்பாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டிலிருந்து அழைப்பு வர வேண்டும். தாய் இல்லாவிட்டால் அண்ணனாவது கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற வீடு இல்லாதவள் என்றால் லயத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளில், இருக்கிற பெண்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. சண்டைக் காலம், கப்பல் பயணம் ஆபத்து, அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. அதே மாதம் எங்கள் லயத்திலிருந்து மூன்று குடும்பம் தலைமன்னார் போய்க் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தது. யாரும் மூழ்கவில்லை.

தனம் லயத்துக் காம்பராவில், எங்கள் ஒற்றை அறையில்தான் பிறந்தாள். தோட்டத்து மருத்துவச்சி பார்த்தாள். நான் வெந்நீர் வைத்தேன். பிள்ளை பிறந்த இருபதாம் நாள், தொழிற்சாலையில் மேலே இருந்தவனோடு வாய்ச்சண்டை போட்டு, வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு ஹட்டனுக்கு வந்துவிட்டேன். அந்த அவசரத்தில் பிறப்பைப் பதியவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கோபம், என் குற்றம்.

ஹட்டனில் எங்களை யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா, மளிகைக் கடைக்காரரின் மனைவி, நல்ல மனுஷி, கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு, தலைப்பிரசவம் ஊரிலா என்று கேட்டிருக்கிறார். வள்ளி ஆமாம் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். வருஷம் போகப் போகக் கதை வளர்ந்தது. அம்மா கையால் பத்தியம் சாப்பிட்டாளாம். அண்ணன் வெள்ளிக் கொலுசு போட்டாராம். பிள்ளைக்கு ஒரு வயசு திரும்பி, காது குத்தி, தோடு போட்ட பிறகுதான் அம்மா அனுப்பினாளாம். கைக்குழந்தையோடு வந்து இறங்கினதைப் பார்த்த மீனாட்சி அக்காவுக்கே அந்தக் கணக்கு மறந்து, கதைதான் நினைவில் நின்றது. செத்துப்போன அம்மாவை இவள் பன்னிரண்டு வருஷம் உயிரோடு வைத்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் நான் உள்ளே போய்ச் சிரித்துக்கொள்வேன். யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

4

துருவை வெட்டி எடுக்க முழுசாக ஒரு நாள் ஆயிற்று. பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் தூரமாக வைத்தேன். சீட்டுகளைப் பிடுங்கி வாசலில் போட்டேன். உளியால் தட்டத் தட்ட, நல்ல தகடு என்று நினைத்த இடமெல்லாம் பிஸ்கோத்து மாதிரி உடைந்தது. கையகல ஓட்டை என்று ஆரம்பித்தது. முடிக்கும்போது என் வேனுக்குள் நின்றால் என் கால் தரையில் இருந்தது.

ஒட்டுப் போடப் பூச்சு எதுவும் இல்லாத கறுப்புத் தகடு வேண்டும். ஹட்டனில் அன்றைக்கு ஒரு துண்டுகூட இல்லை. கொழும்புக்கு எழுதினால் பத்து நாள். தெரிந்த கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் கொட்டகைக்கு வந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேலே கூரை இருந்தது. நல்ல கனமான பழைய காலத்துத் தகரம். இரண்டு தகட்டைப் பிரித்து இறக்கினேன். அந்த இடத்தில் படங்குத் துணியை இழுத்துக் கட்டினேன். வள்ளி கீழே நின்று, மழைக் காலத்தில் கூரையைப் பிரிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். வேன் ஓடினால் கூரை வரும், கூரை இருந்தால் வேன் வராது என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

கூரைத் தகரத்துக்குத் துரு பிடிக்காமல் இருக்க மேலே நாகம், அதாவது துத்தநாகம், பூசியிருப்பார்கள். வெல்டிங் வேலை தெரிந்தவன் எவனும் அதை அப்படியே சூடு காட்ட மாட்டான். ஆசிட் ஊற்றி நாகத்தைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் வெட்டவெளியில் வைத்துச் சுட்டு எடுக்க வேண்டும். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் இதைச் செய்த இன்னொருவனைத் திட்டியிருக்கிறேன். ஆனால் ஆசிட் இல்லை. நேரம் இல்லை. வெளியில் வைத்துச் சுடலாம் என்றால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. கொட்டகைக் கதவை அடைத்துக்கொண்டு, தகரத்தைத் தட்டிச் சமமாக்கி, அப்படியே பற்றவைக்க ஆரம்பித்தேன்.

சுடர் பட்ட இடத்திலெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக ஒளி விட்டு, வெள்ளைப் புகை கிளம்பியது. பஞ்சு பறக்கிற மாதிரித் துகள் கொட்டகை முழுக்க மிதந்தது. வாயில் ஒரு தித்திப்பு வந்தது. அந்தத் தித்திப்பு வந்தவுடன் எழுந்து வெளியே போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு முழம் என்று பொழுது விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் பற்றவைத்தேன். ஓட்டு வாங்க வருகிறவனுக்கு, சட்டம் போட்டவனுக்கு, மனுவை ஐந்து வருஷம் அலமாரியில் வைத்திருந்தவனுக்கு, எல்லாருக்கும் ஒவ்வொரு வசவாகச் சொல்லிச் சொல்லிப் பற்றவைத்தேன். ஒட்டு நன்றாகத்தான் பிடித்தது. பெயின்ட் அடித்தேன்.

பிற்பகலில் பரிசோதிக்கிற ஐயா ஏறி நின்று குதித்துப் பார்த்தார். விரலால் குத்திப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பிழைப்புக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

அன்று பொழுது சாயும்போது எனக்குக் குளிர் எடுத்தது. பிறகு நடுக்கம். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுவென்று அடித்தது. தொண்டை அடைத்துக் குரலே இல்லை. நாகப் புகை குடித்தால் வருகிற காய்ச்சல் அது. ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும், ஆளைக் கொல்லாது. விடிந்தால் விசாரணை என்பதுதான் கொடுமை.

5

நடுங்கிக்கொண்டே நான்தான் வேனை ஓட்டினேன். தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் கண் இருட்டி இரண்டு தரம் நிறுத்தினேன். பக்கத்தில் வள்ளி, பின்னால் பிள்ளைகளும் மீனாட்சி அக்காவும். எங்களைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும் என்று சாட்சி சொல்ல அக்கா கடையைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தார். என் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்வது என்பது. வள்ளியிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கேட்டால், தனம் தோட்டத்தில் பிறந்தாள் என்று உள்ளதைச் சொல். அவள் தலையை ஆட்டியிருந்தாள்.

விசாரணைக்கு இருந்த அதிகாரி இங்கிலீஷில் கேட்டார், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். என் காகிதங்களைப் பார்த்தார்கள். வேனின் தகுதிப் பத்திரத்தை அதிகாரி திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு குச்சியில் குத்தி வைத்தார். அந்தக் காகிதத்துக்காகத்தான் என் கூரை போனது. பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அவர் பார்த்துவிட்டு, நீ உட்கார், உன் மனைவி சொல்லட்டும் என்று கையைக் காட்டினார்.

தமிழில் சொன்னவர் வள்ளியைப் பார்த்து, “மூத்த புள்ள எங்கம்மா பொறந்தது?” என்றார்.

வள்ளி என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் சாட்சிக்கு நின்ற மீனாட்சி அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளுக்குத் தைரியம் சொல்கிற மாதிரிச் சிரித்தார்.

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதாங்க” என்றாள் வள்ளி. “வேற எங்க பாப்பாங்க?”

“இந்தியாவுலயா?”

“ஆமாங்க. முசிறிப் பக்கம்.”

“எப்பத் திரும்பி வந்தீங்க?”

“ஏழாம் மாசம் போனேங்க. புள்ளைக்கு ஒரு வயசு திரும்பி, காது குத்தினப்புறந்தான் வந்தேன். அம்மா விடலைங்க.”

அதிகாரி எழுதினார். நான் எழுந்தேன், எனக்கு இருமல்தான் வந்தது. அவர் மீனாட்சி அக்காவிடம் இது மெய்யா என்று கேட்கச் சொன்னார். அக்கா, பாவம், எங்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், அத்தனையும் மெய், கொலுசு போட்டுத்தான் அனுப்பினார்கள் என்று சத்தியம் செய்தார். வள்ளி சொன்ன கணக்குக்குப் பதினைந்து மாதம் ஆகிறது. சட்டத்தில் பன்னிரண்டு. வள்ளியின் கைநாட்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழி முழுக்க மீனாட்சி அக்கா பின்னாலிருந்து வள்ளியின் தாய் வீட்டைப் புகழ்ந்துகொண்டே வந்தார். இந்தக் காலத்தில் யார் இப்படிப் பதினைந்து மாதம் வைத்துப் பார்க்கிறார்கள் என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் என் விரல் வலித்தது.

வீட்டுக்கு வந்து, அக்கா போன பிறகு, இருக்கிற குரலையெல்லாம் கூட்டி அவளைக் கேட்டேன். இத்தனை வருஷமும் அவள்மேல் கையோங்கியதில்லை, அன்று கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஓங்கினது ஓங்கினதுதான், அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

அவள் நகரவில்லை. “அக்கா முன்னாடி, கூப்பிட ஒரு நாதி இல்லாதவள்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா?” என்றாள்.

6

மூன்று மாதத்தில் மனு தள்ளுபடி என்று வந்தது. மனைவி பதினைந்து மாதம் நாட்டில் இல்லை என்பதுதான் காரணம். ஒரு நாள்கூட இந்த மண்ணை விட்டுப் போகாதவளைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள். அவள் சொன்னதைத்தான் எழுதினார்கள், அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பொம்பிளை பிள்ளை பெறப் போனாளா போகவில்லையா என்பதை வைத்து ஒரு குடும்பத்துக்கு நாடு உண்டா இல்லையா என்று முடிவு செய்கிற சட்டத்தை எந்த வாயால் நல்லது என்பது?

தனத்திடம் விஷயத்தைச் சொன்னேன். “அப்ப நான் எந்த ஊருப்பா?” என்றாள் அவள். அவள் பார்த்த ஊர் ஹட்டன்தான். முசிறி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்திய சர்க்கார் ஒரு காகிதம் தராமல் அங்கேயும் இறங்க முடியாது.

அப்பீல் உண்டு. ஹட்டனில் ஒரு புரொக்டரின், நம் ஊரில் வக்கீல் என்போமே, அவருடைய குமாஸ்தா எனக்கு வழி சொன்னார். தோட்டத்தில் பதிவு இல்லை. மருத்துவச்சி ஊருக்குப் போய்ச் செத்துப்போனாள். வள்ளி சொன்னது பொய் என்று காட்ட ஒரே வழி, அவளுடைய தாய் வீட்டார் எழுதித் தர வேண்டும். எங்கள் பெண் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நாங்கள் கூப்பிடவில்லை என்று ஒரு வரி.

நான் மச்சானுக்கு எழுதினேன். கெஞ்சித்தான் எழுதினேன். வள்ளி என்ன சொன்னாள், எத்தனை மாதம் என்றாள், கொலுசு, காதுகுத்து எல்லாவற்றையும் விவரமாக எழுதி, உள்ளதை ஒரு காகிதத்தில் எழுதிக் கர்ணம் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றேன். நாலு மாதம் பதில் இல்லை. இரண்டாவது கடிதம், மூன்றாவது கடிதம். அப்பீலுக்குக் கெடு முடிய இன்னும் ஒரு மாதம்தான் என்று எழுதிய மூன்றாவதுக்கு நேற்றுப் பிற்பகல் பதில் வந்தது.

அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மச்சான், நீங்கள் இதைப் படித்தாலும் சரி, உங்களுக்கு வரப்போகிற சம்பந்திகள் படித்தாலும் சரி.

‘மாப்பிள்ளைக்கு. நீங்கள் எழுதியது மெய்தான். அன்றைக்கு எங்களுக்குக் கூப்பிட வசதிப்படவில்லை, தங்கச்சியும் வரவில்லை. ஆனால் அதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லாதீர்கள். எனக்கும் இரண்டு பெண் கல்யாணத்துக்கு நிற்கிறது. கூடப் பிறந்தவளைத் தலைப்பிரசவத்துக்குக் கூப்பிடாத வீடு என்று தெரிந்தால் நாளைக்கு எவன் வந்து பெண் எடுப்பான். வேண்டுமென்றால், தங்கச்சி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள், பதினைந்து மாதம் வைத்துப் பார்த்தோம், கொலுசு போட்டு, காது குத்தி, குறையில்லாமல் அனுப்பினோம் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து தருகிறேன்.’

காகிதத்தில் எழுதித் தர மாட்டேன் என்று காகிதத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டு, தபால் முத்திரையோடு அனுப்பியிருக்கிறார். குமாஸ்தாவிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு, இதுவே போதும், இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, நாளைக்கே தாக்கல் செய்யலாம் என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் அவர்கள் மானத்தை இவள் காப்பாற்றினாள். செத்த தாயை உயிரோடு எழுப்பி, போடாத கொலுசைப் போட்டு, அவர்களைப் பெரிய மனிதர்களாக ஹட்டனில் உலவ விட்டாள். அதற்காகத் தன் பிள்ளைகளின் நாட்டையே கொடுத்துவிட்டு நிற்கிறாள். அவளுக்கு ஒரு வரி எழுத அங்கே ஒருவருக்கும் கை வரவில்லை.

கடிதத்தை அப்பீலில் வைத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மீனாட்சி அக்காவையும் மறுபடி கூப்பிட்டு விசாரிப்பார்கள். வள்ளியைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று நினைத்தேன். இன்று காலையில் அவளை உட்காரவைத்து, முழுசாகப் படித்துக் காட்டினேன். கோபத்தில் உரக்கவே படித்தேன். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. முடித்ததும் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வச்சுப் பாத்தோம்னு எழுதியிருக்காங்கள்ல, அது எந்த எடங்க?” என்றாள்.

நான் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

“இத மட்டும் இன்னொரு தரம் படிங்க.”

படித்தேன். தங்கச்சி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பதினைந்து மாதம் வைத்துப் பார்த்தோம். கொலுசு போட்டு, காது குத்தி, குறையில்லாமல் அனுப்பினோம்.

அவள் கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். “சரி, கொண்டுபோய்க் குடுங்க” என்றாள். “மீனாட்சி அக்காகிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன்.”